மனுவில் இல்லாத பெயர்

மட்டாஞ்சேரி,
மார்ச் 4

அன்பு மகள் கற்பகத்துக்கு அம்மா ஆவுடையம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். கோயமுத்தூர் ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டதா என்று எழுது.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் நான் தும்மினால்கூட உன் அப்பாவுக்குக் கேட்கும். தமிழில் எழுதினால் இங்கே படிக்க ஆள் கிடையாது. அவரும் உன் தங்கச்சி மகாவும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். உன்னை மட்டும் அடித்து அடித்து நான் தமிழ் எழுத வைத்தேனே, அது இதற்காவது உதவட்டும். உன் புது நம்பரை வக்கீலம்மா சொன்னபடி யாருக்கும் கொடுக்கவில்லை. என் போனில் 'சுக்குக் கம்பெனி' என்று போட்டு வைத்திருக்கிறேன். பதிலை யூசுப் இக்காவின் சாயாக்கடை விலாசத்துக்கு அனுப்பு. குடோனுக்கு வேலைக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்வேன்.

உத்தரவு வந்துவிட்டது. நேற்று நானும் உன் அப்பாவும் கோர்ட்டுக்குப் போய் நகல் வாங்கினோம். வக்கீலம்மா சீதாலக்ஷ்மி வரிவரியாகப் படித்துச் சொன்னார். பிரதிவாதி ஆனந்தகுமார் உன் பின்னால் வரக்கூடாது, உனக்குப் போன் செய்யக்கூடாது, ஆள் விட்டுப் பேசக்கூடாது. நீ குடியிருக்கும் வீட்டுக்கும் வேலை பார்க்கும் இடத்துக்கும் நூறு மீட்டருக்குள் அவன் கால் வைக்கக்கூடாது. வழக்கு முடிகிறவரை இது செல்லுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் அப்பா ஆட்டோவில் வரும்போது வாய்விட்டு அழுதார். ஒன்றுவிட்ட அக்கா பெற்ற பிள்ளையை, உங்களுக்கு முறை மாப்பிள்ளையை, மீட்டர் போட்டு அளக்கிறார்களே என்று.

முறை, முறை என்று எத்தனை பேர் உன் வாயை அடைத்தார்கள். அவன் இரண்டு வருஷம் காக்கநாட்டில் உன் ஆபீஸ் கேட்டில் நின்றான். படகுத்துறையில் உன் கையிலிருந்த போனைப் பிடுங்கிக் காயலில் எறிந்தான். பக்கத்தில் நின்ற நம் ஆட்கள், கட்டிக்கப்போறவனுக்குக் கோபம் வராதா என்று சிரித்தார்கள். நம் சமுதாயச் சங்கத்தில் போய்ச் சொன்னால், நாள் குறித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். அப்புறம்தான் நீ கோர்ட்டுக்குப் போனாய். போன அன்று நான் உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். அதைப் பற்றி ஒன்றும் எழுதத் தெரியவில்லை.

இப்போது அவன் மிளகு குடோன் வாசலில் நிற்கிறான். அங்கிருந்து நம் வீடு நூற்றிநான்கு மீட்டர். அவனே டேப் பிடித்து அளந்து ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறான். கோட்டைத் தாண்டுவதில்லை. அங்கே நின்று நம் வீட்டைப் பார்த்துக் கும்பிடுகிறான். பார்க்கக்கூடாது என்று உத்தரவில் இல்லையாம்.

விஷுவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாய். வராதே. மகா உன் நீலச் சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொண்டாள், கோபப்படாதே. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அம்மா


மட்டாஞ்சேரி,
ஜூன் 15

அன்பு மகள் கற்பகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்து வரி எழுதியிருக்கிறாய், வரிக்கு ஒரு பிழை. போகட்டும், விஷயம் புரிந்தது. மெலிந்துவிட்டேன் என்கிறாய். சாப்பிட்டால் உடம்பு வைக்கும்.

மழை பிடித்துவிட்டது. அவனும் வீட்டுக்குள் வந்துவிட்டான். பதறாதே, சொல்கிறேன். நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போனது அவனுக்குத் தெரிந்துவிட்டது. எந்த ஊர் என்று தெரியாது. வாதி குடியிருக்கும் வீடு என்றுதானே உத்தரவில் இருக்கிறது, வாதிதான் அங்கே குடியிருக்கவில்லையே என்று யாரோ அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் கோட்டைத் தாண்டினான். ஒரு சாக்குக் கப்பைக்கிழங்கும் ஒரு சீப்பு நேந்திரம்பழமும் கொண்டுவந்து வைத்து உன் அப்பா காலில் விழுந்தான். உன் அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். நான் சாயா போட்டேன். மதினி மகன் வாசலில் வந்து உட்கார்ந்தால் வேறு என்ன செய்வது.

உன் பெயரை அவன் எடுக்கவே இல்லை. மகாவைப் பார்த்து, எங்கே வேலை பார்க்கிறாய் என்று கேட்டான். உன் அப்பா முந்திக்கொண்டு, களமசேரியில் ஒரு லேபில் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் முதல் களமசேரி பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான். அவளுக்குக் குடை பிடிக்கிறான். இரண்டு நாள் அவள் என்னிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, உன் போட்டோவை எடுத்து அவள் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மூக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கு என்றானாம். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். சொந்தக்காரப் பையன் துணைக்கு வருகிறான், அதற்கு ஏன் இந்த ஆட்டம் ஆடுகிறாய் என்று என்னைத்தான் திட்டினார்.

அரை நாள் லீவு போட்டு வக்கீலம்மாவைப் பார்த்தேன். உத்தரவு வாதிக்கு மட்டும்தான், அதில் தங்கை இல்லை, அவள் தன் பெயரில் புதிதாக மனுப் போட வேண்டும், சீக்கிரம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மனுப் போடும்போதே தங்கச்சி பெயரையும் சேர்த்திருக்க வேண்டாமா நீ? உனக்கு உன் உயிர்தான் வெல்லம். நாயை எங்கள் வாசலில் கட்டிவிட்டு நீ கோயமுத்தூரில் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாய்.

மகாவை அங்கே அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறாய். எப்படி அனுப்புவது? இரண்டு பெண்ணும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்று ஊர் சொல்லட்டுமா? அவளுக்கு இருபத்தொரு வயது முடியப்போகிறது. அக்காக்காரி கோர்ட் ஏறியதற்கே இதுவரை ஒரு வரன் வாசல் மிதிக்கவில்லை. உன் அப்பாவும் முன்னைப்போல் என்னோடு பேசுவதில்லை. மற்றபடி எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
அம்மா


மட்டாஞ்சேரி,
ஆகஸ்ட் 12

அன்பு மகள் கற்பகத்துக்கு,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். ஓணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆனந்தகுமார். இதோடு கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே, மீதியையும் படி.

சங்கத்துத் தலைவர் வெங்கிடாசலம் நம் வீட்டுக்கே வந்து பேசி முடித்தார். மூத்தவளுக்கு இஷ்டமில்லை என்றால் போகிறது, இளையவளுக்கும் அதே முறைதானே, கேஸும் முடியும், குடும்பமும் ஒன்று சேரும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சியம்மாள் மதினி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மகாவுக்குப் போட்டார். பையன் திருந்திவிட்டானாம். ஜூ டவுன் யூதத் தெருவில் அவன் வேலை பார்க்கும் பழம்பொருள் கடையில் அவனை மேனேஜர் ஆக்கியிருக்கிறார்களாம், வெள்ளைக்காரிகளிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறானாம். பூ வைத்த அன்று எல்லோருக்கும் முன்னால் மகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே உட்கார்ந்திருந்தான். விட்டபோது நாலு விரலும் பதிந்திருந்தது. நான் வளையலைக் கீழே இறக்கி மறைத்தேன்.

மகா என்ன சொன்னாள் என்று கேட்பாய். அவளை யாரும் கேட்கவில்லை. அடுப்படியில் என்னிடம் மட்டும், இனிமே அக்காவைத் தேடிப் போகமாட்டார்தானே அம்மா என்று கேட்டாள். போகமாட்டான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். லேப் வேலைக்கு அவள் போவதில்லை. அவள் போனை அவன் வாங்கி வைத்துக்கொண்டான், கல்யாணத்துக்குப் புதுப் போன் தருகிறானாம்.

நீ கல்யாணத்துக்கு வராதே. பெண்ணின் அக்காவும் மாப்பிள்ளையும் நூறு மீட்டர் தள்ளி நிற்கிற மாதிரி இங்கே மண்டபம் கிடையாது. யாராவது கேட்டால் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் வராதே. நாலு நாளைக்கு ஒரு தடவை அவன் வந்து போகிற வீடு இது. உன் துணிமணி, சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டி யூசுப் இக்கா கடையில் வைத்திருக்கிறேன். அவர் பார்சலில் அனுப்பிவிடுவார்.

போன கடிதத்தில் மனுவில் தங்கச்சி பெயரைச் சேர்க்கவில்லை என்று உன்னைத் திட்டியிருந்தேன். நீ அதற்கு ஒரு வார்த்தைகூடப் பதில் எழுதவில்லை. எழுதியிருக்கலாம். அவளையும் இரண்டு தடவை வழிமறித்து உன் நம்பரைக் கேட்டான் என்பதால் வக்கீலம்மா அவள் பெயரையும் எழுதித்தான் வைத்திருந்தார். கல்யாணமாகாத பெண் பெயர் கோர்ட் காகிதத்தில் ஏறினால் நாளைக்கு எவன் வந்து கட்டுவான் என்று உன் பின்னாலேயே வந்து அதை அடிக்கச் சொன்னது நான். நீ, அடிக்க வேண்டாம் அம்மா, இருக்கட்டும் என்று என் கையைப் பிடித்தாய். நான் கேட்கவில்லை. அவர் பேனாவை எடுத்து என் கண் முன்னால் அடித்தார். இப்போது கட்டுவதற்கு ஒருவன் வந்துவிட்டான்.

நிறுத்தியிருக்கலாமே என்பாய். தைரியம் இல்லை என்று எழுதினால் அது பாதிதான். அவனுக்கு ஒன்று கிடைத்துவிட்டால் இன்னொன்றை விட்டுவிடுவான் என்று நினைத்தேன். பெற்றவள் இப்படி நினைப்பாளா என்று கேட்காதே. நினைத்தேன். குடோனில் சுக்கு பொறுக்கும்போது தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளாவது மகா என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும். அவள் எனக்குத் தலை பின்னிவிடுகிறாள்.

அடுத்த வாரம் உன் அப்பா என் வழியாக ஒரு காகிதம் அனுப்புவார். வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று மலையாளத்தில் அடித்திருக்கிறது. மாப்பிள்ளை கேட்ட ஒரே சீர் அதுதான். என்னை உனக்குப் போன் போட வைத்து, அதை வாங்கி உன் அப்பா அழுவார். மகாவையும் கெஞ்ச வைப்பார்கள். அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். கடைசியில் நானும் பேசுவேன், கையெழுத்துப் போட்டுக் கொடுடி, தங்கச்சி வாழ்க்கையைக் கெடுக்காதே என்று சத்தமாகச் சொல்வேன். போனில் நான் சொல்வதைக் கேட்காதே. இந்தக் கடிதத்தில் சொல்வதைக் கேள். நீ கையெழுத்துப் போடக்கூடாது. எந்த ஊரில் இருக்கிறாய் என்றும் போனில் சொல்லிவிடாதே.

வக்கீலம்மாவிடம் போக எனக்கு முகம் இல்லை. நீ அவரிடம் பேசும்போது ஒன்று கேட்டு எழுது. தாலி ஏறிய பிறகு எத்தனை நாள் கழித்து மகா தன் பெயரில் மனுப் போடலாம்? காயம் காட்ட வேண்டுமா, இல்லாமலே ஏற்றுக்கொள்வார்களா? காட்ட வேண்டும் என்றால் ஒரு தடவை பட்டது போதுமா? கல்யாணத்துக்கு முன்னால் பதில் வந்தால் நல்லது.

சோட்டானிக்கரை பகவதி உன்னைக் காப்பாற்றட்டும். நீயாவது நன்றாக இரு.

இப்படிக்கு,
அம்மா ஆவுடையம்மாள்