மஸ்கட்டுக்குப் போன கவர்

பெரியநாயக்கன்பாளையம்
9-9-1999

அன்பு மகன் அன்புமணிக்கு அம்மா ராசம்மாள் சொல்ல, உன் கடைசித் தங்கை பொற்கொடி எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் உன் தங்கைகள் இனியாவும் பொற்கொடியும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல், கோபத்துக்கும் குறையில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே வெயிலில் ஏசி மிஷினோடு மாரடித்துவிட்டு வேளைக்குச் சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று தெரிந்தால் எங்களுக்குப் போதும். (அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என் சொந்தச் சரக்கு அண்ணா. எழுதி முடித்ததும் அம்மா வாசித்துக் காட்டச் சொல்லும். அடைப்பு வரும்போது இருமிவிட்டுத் தாண்டிவிடுவேன்.)

உன் கடிதம் போன புதன்கிழமை வந்தது கண்ணு. பொற்கொடி வாசித்தாள், உங்கப்பா ஷிப்டுக்குக் கிளம்பிய கோலத்தில் நின்றபடியே கேட்டார், இனியா அடுப்படியில் இருந்து கேட்டாள். நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். முதல் பக்கம் குடும்ப மானம், இரண்டாம் பக்கம் உனக்கு இனிமேல் யார் பெண் கொடுப்பார்கள் என்ற கவலை, மூன்றாம் பக்கம் உனக்கு வந்த கவரால் கேம்பில் உனக்கு நேர்ந்த அவமானம், நாலாம் பக்கம் கேஸை வாபஸ் வாங்கு, இனியாவை வேலைக்கு அனுப்பாதே. அவள் சோறு தின்கிறாளா என்று கேட்க ஐந்தாம் பக்கம் வேண்டியிருந்திருக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் காகிதத்துக்கு அவ்வளவு பஞ்சமோ என்னவோ. (மானம் என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது, எண்ணிவிட்டேன். ஏர்மெயிலில் வந்ததால் அது விமானமாகவே வந்து இறங்கியது.) வாபஸ் வாங்க இது சாயம் போன துணி இல்லை சாமி. நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும், முழுக்கச் சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் மானத்தைப் பற்றிப் பேசு.

தை மாதம் இனியாவுக்கு மூன்று இடத்துக்கு ஜாதகம் கொடுத்தோம். கோட்டைமேட்டில் சிக்கந்தர் பாய் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்து நாலு பிரிண்ட் போட்டோம், வீட்டுக்கு ஒன்று, ஜாதகத்தோடு போக மூன்று. பொருந்தி வராவிட்டால் ஜாதகத்தையும் போட்டோவையும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பதுதானே நம் பக்கத்து வழக்கம். இரண்டு இடத்தில் இருந்து மடிப்புக் கலையாமல் மரியாதையாகத் திரும்பி வந்தது. மூன்றாவது கோபிசெட்டிபாளையத்து இடம், பையன் காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறவன். அடிப்பது கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும், பேச்சு மட்டும் ராக்கெட் விடுகிறவன் பேச்சு. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, ரத்தம் டெஸ்ட் பண்ணுகிற வேலையை விட்டுவிட வேண்டும், கண்ணாடி போடக் கூடாது, முடியை வேறு மாதிரிச் சீவ வேண்டும் என்று அடுக்கினான். "எங்ககிட்ட ஸ்கேனர் இருக்குதுங்க, எதையும் எப்படி வேணும்னாலும் மாத்திப்போடலாமுங்க" என்று ஒரு இளிப்பு வேறு. இனியா எழுந்தாள், "அப்ப உங்களுக்கு வேணுங்கற பொண்ணை அதுலயே செஞ்சுக்குங்க" என்று சொல்லி, பலகாரத் தட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னதை அந்தப் பெரிய மனுஷனால் செரிக்க முடியவில்லை. ஜாதகம் திரும்பி வந்தது, போட்டோ வரவில்லை. கேட்டதற்கு அவன் அம்மா, "எங்கியோ தவறிப்போச்சுங்க அம்மணி, ஒரு போட்டோதானுங்களே" என்றாள். நானும் மடச்சி, விட்டுவிட்டேன்.

ஆனி மாதம் கவர்கள் வர ஆரம்பித்தன. ஒன்று இனியாவின் லேப்புக்கு, ஒன்று கருமத்தம்பட்டியில் உன் பெரியப்பா வீட்டுக்கு, ஒன்று உனக்கு. உள்ளே இருந்த படத்தை நீயும்தான் பார்த்தாய். யாரோ ஒரு வெள்ளைக்காரியின் துணியில்லாத உடம்பு, அதற்கு மேலே கனகாம்பரமும் ஜிமிக்கியும் திருநீறுமாய் நம் இனியாவின் தலை. கழுத்துக்கு மேலே மாநிறம், கழுத்துக்குக் கீழே சுண்ணாம்பு. அதைப் பார்த்து நம் வீட்டுப் பெண்தான் என்று நம்புவதற்கும் ஒரு தனி மூளை வேண்டும், அது உன் பெரியப்பாவுக்கு இருந்தது. படத்தை அடுப்பில் போட்டுவிட்டு இரண்டு மாதமாய் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை. அந்த ஆள் வராததில் எனக்கு ஒரு டம்ளர் காபி மிச்சம். லேப் டாக்டர் வரதராஜுலு செய்ததைக் கேள். கையுறை மாட்டி, சாம்பிள் போடுகிற பிளாஸ்டிக் பையில் கவரையும் படத்தையும் போட்டு மூடி, வந்த தேதி, மணி, பிரித்தவர் பெயர் எல்லாம் எழுதி மேலே ஒட்டிவிட்டு, இனியாவைக் கூப்பிட்டு, "இது வெளியில இருந்து வந்த சாம்பிள் அம்மணி, உனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லே, போயி உன்ற வேலையைப் பாரு" என்று சொல்லியிருக்கிறார். அந்நிய மனுஷன் சொன்ன அந்த ஒரு வார்த்தை உன் நாலு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனுக்கு உங்கப்பாவும் நானும் இனியாவும் போனோம். எழுதுகிறவர் படத்தை வாங்கி, பார்க்க வேண்டிய நேரத்தை விட அதிக நேரம் பார்த்தார். அப்புறம், "கம்ப்யூட்டர்ல செஞ்சதுக்கெல்லாம் செக்‌ஷன் கிடையாதுங்கம்மா, இதுக்கு நெகட்டிவ் இருந்தா கொண்டாங்க" என்றார். இது நீங்கள் இல்லை என்று எப்படி நம்புவது என்று இனியாவையே கேட்டார். அவள் அழுவாள் என்று நினைத்திருப்பார் போல. "உங்க போட்டோ ஒண்ணு குடுங்க சார், அதே உடம்புல ஒட்டிக் கொண்டாறேன், அப்ப நம்புவீங்க" என்றாள். (நெகட்டிவ் கேட்டாராம் அண்ணா. அந்த ஸ்டேஷனில் அவரை விட நெகட்டிவாக ஒன்று இருந்ததாக அக்கா சொல்லவில்லை.)

அதற்குப் பிறகுதான் டாக்டர் சொல்லி, கோர்ட்டுக்கு எதிரில் இருக்கிற சாந்தாமணி வக்கீலம்மாவிடம் போனோம். கம்ப்யூட்டருக்கு என்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை, ஆனால் இருக்கிற சட்டமே இவனுக்கு ஜாஸ்தி என்றார். பெண்களை அசிங்கமாகக் காட்டுகிற படத்தைத் தயாரிக்கவும் கூடாது, தபாலில் அனுப்பவும் கூடாது என்று எண்பத்தாறிலேயே ஒரு சட்டம் போட்டிருக்கிறார்களாம். பெண்ணின் கண்ணியத்தை அவமதித்தால் 509, பெயரைக் கெடுத்தால் 500, கெடுப்பதற்கென்றே பொய்யாக ஒன்றைத் தயாரித்தால் 469. ஸ்டேஷனில் எடுக்காவிட்டால் நேராக மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்கலாம், அவர் முன்னால் இனியா சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தால் போதும், சென்டரைச் சோதனை போட்டு அந்தக் கம்ப்யூட்டரை எடுத்து வரச் சொல்லியும் கேட்கலாம். இனியா எல்லாம் கேட்டுவிட்டு, "அவன் உள்ளே போறது எனக்கு ரெண்டாவதுங்க. அது நான் இல்லேன்னு ஒரு ஜட்ஜ் கையெழுத்துப் போட்ட காயிதம் எனக்கு வேணுமுங்க. நாளைக்கு எவனாவது கேட்டா நான் பேச மாட்டேன், அதை எடுத்து நீட்டுவேன்" என்றாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். புகார் கொடுத்தாயிற்று, அக்டோபர் 11 திங்கட்கிழமை அவள் வாக்குமூலம்.

புகார் விஷயம் தெரிந்ததும் அவன் அம்மா, ஊர்ப் பெரியவர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு பழத்தோடு வந்தாள். பையன் விளையாட்டாய்ச் செய்துபோட்டானாம். "எப்படியும் பொண்ணு பேரு கெட்டுப்போச்சுங்க, கேஸை உட்டுப்போட்டா எங்க பையனே கட்டிக்கறேங்கறான், பெரிய மனசுங்க அவனுக்கு" என்கிறாள். குட்டையில் தள்ளிவிட்டவனே துண்டு விற்க வந்த மாதிரி இருந்தது எனக்கு. உங்கப்பா பழத்தட்டை எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். நான் மரியாதையாகவே சொன்னேன், "செருப்பு வாசல்ல இருக்குதுங்க, கால்ல போட்டுட்டுப் போறீங்களா, இல்ல நான் கையில எடுக்கட்டுங்களா" என்று. பெரியவருக்குச் சட்டென்று வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

ஆனால் வக்கீலம்மாவுக்கு ஒரு கவலை இருந்தது. சிக்கந்தர் பாய் நெகட்டிவை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வருகிறேன் என்று தாமாகவே சொல்லிவிட்டார், அவர் கடையில் விழுகிற நிழல் இடது கன்னத்தில் அப்படியே அந்தப் படத்திலும் இருக்கிறது, ஆக முகம் எந்தப் போட்டோவில் இருந்து வந்தது என்பது உறுதி. ஆனால் அவன் அம்மா நம் வீட்டில் ஒத்துக்கொண்டதைக் கோர்ட்டில் இல்லை என்றுவிடுவாள், அவன் பக்கத்து வக்கீல், போட்டோ தொலைந்தது, கண்டெடுத்த எவனோ செய்தான் என்பார். கவரின் மேல் முகவரியெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தது, கையெழுத்தும் இல்லை. எதைக் காட்டி இது அவன் வேலை என்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது. மூன்றாம் பக்கத்தில், உன் அறை 42 ஆக இருக்க, கவரில் அறை எண் 420 என்று போட்டு உன்னையும் கேலி செய்திருக்கிறான், தபால் கொடுத்தவன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்த பொற்கொடி அப்படியே நின்றுவிட்டாள்.

(அது அவன் கேலி இல்லை அண்ணா, என் வேலை. ஜாதகத்தோடு கொடுத்த விவரத் தாள் மூன்றையும் நான்தான் கையால் எழுதினேன். கோபிக்காரர்கள் மட்டும் அக்காவைப் பார்க்கும் முன்பே, அண்ணன் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம், எந்த ரூம் என்று ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எரிச்சலில் அவர்கள் தாளில் மட்டும் 42-க்குப் பக்கத்தில் ஒரு சைபர் சேர்த்தேன். மற்ற இரண்டு தாளிலும் சரியாகத்தான் இருக்கிறது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பார்த்து அடித்திருக்கிறான்.) இவள் செய்த குறும்புக்கு விளக்குமாற்றை எடுத்தேன். விஷயத்தைக் கேட்ட வக்கீலம்மா இவளுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார். அவர்களிடம் இருந்து திரும்பி வந்த தாள் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது, பின்பக்கம் அவர்கள் ஜோசியர் சிவப்பு மையில் பொருத்தம் போட்டிருக்கிறார். உலகத்தில் உன்னை 420-இல் குடிவைத்த காகிதம் இரண்டுதான், ஒன்று அந்தத் தாள், இன்னொன்று உன்னிடம் இருக்கிற கவர். படத்தைக் கிழித்துவிட்டேன், கவர் மட்டும் பெட்டியில் கிடக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். கவரைத் துடைக்காதே, ஸ்டாம்பைப் பிரிக்காதே. வேறொரு பெரிய கவருக்குள் அப்படியே வைத்து, அது உனக்கு எந்தத் தேதியில் யார் கையில் இருந்து வந்தது, உள்ளே என்ன இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, இந்தக் கடிதம் கண்ட மறுநாளே ரெஜிஸ்டர் தபாலில் வக்கீலம்மா பெயருக்கு அனுப்பு. முகவரி பின்னால் இருக்கிறது. உன் பெயர் கோர்ட்டில் வருமே, கேம்பில் தெரிந்துவிடுமே என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். உன் பெயர் ஒரு கவரின் மேல்தான் வரப்போகிறது. அவள் முகம் எதன் மேல் வந்தது என்று யோசித்துப் பார்.

கவர் வந்தாலும் வராவிட்டாலும் 11-ஆம் தேதி இனியா கூண்டில் ஏறப் போகிறாள். டாக்டரிடம் அன்றைக்கு லீவும் சொல்லிவிட்டாள். அந்தப் படத்தை அவள் கையில் கொடுத்து, இதுதானா என்று அத்தனை பேர் முன்னால் கேட்பார்கள், அவள் பார்த்துப் பதில் சொல்வாள். அதற்கு அவள் தயாராகிவிட்டாள். வேறு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டால், எங்கண்ணன்கிட்ட இருந்துதுங்க, தரலீங்க என்று சொல்வதற்கு மட்டும் அவள் இன்னும் தயாராகவில்லை. அதை அவள் வாயால் சொல்ல வைக்காதே.

நீ நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்கிற ஆண்பிள்ளையாய் நல்லாயிரு சாமி. எண்ணெய்ப் பலகாரத்தைக் குறை. பதில் இனியா பெயருக்கு எழுது, எனக்கு வேண்டாம்.

உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
ராசம்மாள்