என் கால் உன்னால் போகவில்லை

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கிளாராவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் தம்பி ஜெப்ரியும் இங்கே சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகனும் சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். மழை பிடித்துவிட்டது, சந்தில் நின்ற தண்ணீர் நேற்றுத்தான் வடிந்தது, அம்மாவுக்கு இருமல் பரவாயில்லை. நீ ஏழாம் வகுப்புவரை படித்த தமிழ்தான், எழுத்துக்கூட்டியாவது இதை முழுதும் படித்துவிடு.

போன வாரம் போனில் நீ அம்மாவிடம், "அப்பா கால் போனது என்னாலதாம்மா" என்று அழுதாயாம். பதினான்கு வருஷமாக நீ இதைச் சுமப்பது எனக்குத் தெரியாது என்று எழுத வந்தேன், அதுவும் பொய். என் கட்டைக்காலைப் பார்க்காமல் தலை குனிந்து நீ சோறு வைத்தபோதே புரிந்தது, வாய் திறக்கத்தான் தைரியம் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சிறுநீரில் சர்க்கரை இருக்கிறது, மருந்து சாப்பிட்டுப் பதினைந்து நாள் கழித்து வா என்று செம்பூரில் கப்பல்காரர்களுக்கு மெடிக்கல் பார்க்கும் டாக்டர் என்னைத் திருப்பி அனுப்பினார். நான் மருந்தே வாங்கவில்லை. பதினைந்தாம் நாள் காலையில், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த உன் கையில் ஒரு குப்பியைக் கொடுத்து, "ஏட்டி, இதுல கொஞ்சம் பிடிச்சுத் தா, அம்மைட்ட சொல்லாத" என்றேன். உனக்குப் பதினேழு வயது. "ஒங்க உடம்புக்கு ஏதும் ஆயிராதாப்பா" என்று கேட்டாய். "டாக்டரு சும்மா பயங்காட்டுதாரு" என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். மகளிடம் எந்தத் தகப்பனும் கேட்கக் கூடாததைக் கேட்டு, உன் சிறுநீரை என்னுடையது என்று கொடுத்து, ஃபிட் என்று எழுதி வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினேன்.

நாலாம் மாதம் என்ஜின் அறையில் பூட்ஸ் கடித்துப் பாதத்தில் புண், வலியே தெரியவில்லை, நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தேன். கேப்டன் கரையிலிருந்த டாக்டரிடம் போனில் பேசிக்கொண்டே எனக்குச் சுகர் உண்டா என்று கேட்டார், "நஹி சாப்" என்றேன். உண்டு என்றால் இனிக் கப்பலே இல்லை என்ற பயம். சாதாரணப் புண்ணுக்கு உரிய மாத்திரையைத் தந்தார்கள். மறுநாளும் கேட்டார், மறுபடியும் இல்லை என்றேன். ஆறாம் நாள் கரை சேர்வதற்குள் கால் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கேப்டன் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கப்பலைத் திருப்பியிருப்பேனே என்றார். குப்பியைக் கேட்டது நான், இரண்டு தடவை இல்லை என்றதும் நான். இதில் எங்கே இருக்கிறாய் நீ.

வியாழக்கிழமை ஜெப்ரிக்குக் கப்பல் வேலைக்கு முதல் மெடிக்கல், நானும் கூடப் போனேன். பிரஷர் அதிகம், மருந்து சாப்பிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். வெளியே வந்ததும், "அப்பா, உள்ள தெரிஞ்ச ஆளு யாரும் உண்டா" என்றான். பஸ் ஸ்டாப்பில் வைத்து எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன், ஒரு மனுஷனிடம் நான் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, "எங்கிட்ட சொன்னத அக்காட்டல்லா மொதல்ல சொல்லியிருக்கணும்" என்றான். சரிதானே.

மன்னித்துவிடு என்று கேட்டால் அதற்கும் நீ ஒரு பதில் சொல்ல வேண்டிவரும், அந்தப் பாரத்தையும் உன்மேல் வைக்க எனக்கு மனமில்லை. நீ பதில் எழுத வேண்டாம், இதை நம்பினால் போதும். கர்த்தர் உன்னையும் மருமகனையும் தம் கையில் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இந்த வியாதி என் ரத்தத்திலிருந்து உனக்கும் வரலாம், ஊரார் சர்க்கரையெல்லாம் பார்க்கிற நர்ஸ் நீ, வருஷம் ஒரு தடவை உன்னுடையதையும் பார்த்துக்கொள். என்ன வந்தாலும் உள்ளபடி எங்களுக்குச் சொல்.

இப்படிக்கு,
உனக்குத் தீங்கு செய்த, உன்மேல் உயிரையே வைத்திருக்கும் அப்பா
வேதமுத்து