மின்னலை எண்ணாத கருவி

1982 அக்டோபர், செவ்வாய் இரவு

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்தில், ஞானம்மா அக்கா வீட்டில்தான் எங்கள் ஆய்வுக்கான மின்னல் எண்ணும் கருவி இருக்கிறது. இந்தப் பருவம் முழுக்கச் சாயங்காலமானால் இடியும் மழையும்தான். இன்று போய்ப் பார்த்தால் எண் பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை.

"மெசின் கெட்டுப்போச்சாக்கா?"

"எப்படி ரோசாக் ஆகும் தம்பி? இடி சத்தம் கேட்டாலே ஓடிப்போயி பிளக்கப் பிடுங்கிடுவேன்லா. எங்க வீட்டு டிவிக்குக்கூட நான் அப்படி ஓடுனதில்ல."

முகத்தில் அவ்வளவு பெருமை. பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வடக்கே பனி நாட்டில், மின்னல் விழுந்து காடு எரிவதை ஆராயும் பேராசிரியர் எங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருக்கிறார். அவருக்கு என்ன எழுத? உங்கள் ஊரை விட ஈப்போவில் மின்னல் குறைவு என்றா?

இதை எழுதும்போதே பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். ரேடியோ பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.