பாதி மீடிறனில் ஒரு விசில்

12.1.84, வியாழன்

பூட்டிவிட்டது!

மூன்று மாத இழுபறிக்குப் பிறகு, நான் செய்த றேடியோ அலை மெசின் சொன்ன மீடிறனில், சொன்ன அதிர்வெண்ணில், நிற்கிறது. இன்று காலை எண்சக்கரத்தை 1830க்குத் திருப்பினேன், 1830 கிலோஹேர்ட்ஸ். 1831க்குத் திருப்பினேன், 1831. நழுவவில்லை, அலையவில்லை. ஒரேயொரு அதிரும் பளிங்குத் துண்டிலிருந்து வேண்டிய மீடிறன் எல்லாம் எடுக்கலாம். இனி ட்ரான்ஸ்மிற்றரோடு சேர்ப்பதுதான் மிச்சம். குருநகரில் ஒருவன் தன் கையால் செய்தான் என்று கேட்கிறவன் நம்பமாட்டான். நம்பாவிட்டால் போகட்டும்.

ஏரியலைக் கொழுவி இனி ஒவ்வொரு இரவும் விடியும்வரை ஓடவிடப்போகிறேன். சூடேறியும் நிலைத்து நின்றால்தான் நம்பலாம்.

18.1.84, புதன்

வாசலில் நண்டு. உயிரோடு, பன்புல் பையில் கட்டித் தொங்கவிட்டிருந்தது. கடலுக்குப் போகிற யாகப்பு அண்ணை வைத்துவிட்டுப் போனாராம். அவரோடு நான் இரண்டு வார்த்தை கதைத்தது கிடையாது. ஏன்?

22.1.84, ஞாயிறு

இன்று திரளி மீன். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. "அவருக்கொரு பெட்டை இருக்கெல்லோ, மக்டலீன். தேப்பன் சும்மா மீன் தருவானோ?"

பூசை முடிந்து வரும்போது அந்த மக்டலீனே என்னை மறித்தாள். "ஏன் ஒவ்வொரு நாளும் இடம் மாறுறியள்? ஒரு இடத்திலை நில்லுங்கோவன்" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

நான் எங்கே மாறினேன்? கோயிலில் எப்போதும் அதே தூணடியில்தான் நிற்கிறேன். ஊருக்கே விசரோ?

27.1.84, வெள்ளி

இணுவிலிலிருந்து நமசிவாயம் மாஸ்டர் சைக்கிளில் வந்தார். இந்தப் பக்கத்தில் அமெச்சூர் றேடியோக்காரர் என்றால் அவரும் நானும்தான்.

"உம்மடை சாமான் சாதாரண றேடியோவிலை விசிலடிக்குது, ஐசே. 915இலை. இணுவிலிலை எங்கடை வீடுவரைக்கும் கேக்குது. எவனும் ஒரு முறைப்பாடு எழுதினால் லைசன்ஸ் போச்சு. லைசன்ஸ் இல்லாமல், ஆமி சுத்துற இந்த நாளிலை, வீட்டிலை ட்ரான்ஸ்மிற்றர். யோசியும்."

915. அது 1830இன் பாதி. இரண்டு மடங்கில், மூன்று மடங்கில் கசிந்தால் விளங்கும். பாதியில் எப்படி?

30.1.84, திங்கள்

பால்மா ரின்னை வெட்டிப் பெட்டி அடித்து மெசினை மூடினேன். விசில் நிற்கவில்லை. கம்பியை மாற்றினேன். நிற்கவில்லை. நண்டு மட்டும் வருகிறது.

2.2.84, வியாழன்

பிடித்தேன்!

வகுக்கும் ஐசியின் முதல் படி மீடிறனைப் பாதியாக்குகிறது. அந்தப் பாதி மின் வழங்கும் கம்பியில் ஏறி ஏரியலுக்குப் போகிறது. மீடிறனை ஒப்பிட்டுப் பார்க்கிற, செக்கனுக்கு ஆயிரம் சுற்று அதிர்வும் அதே கம்பியில். அதுதான் விசில். அந்தக் கம்பியில் இரண்டு கப்பாசிற்றர், கசிவை மறிக்க ஒரு சுருள். அவ்வளவுதான். இப்போது 915இல் மூச்சுக்கூட இல்லை. சுத்தம்.

இரவும் ஓடட்டும்.

3.2.84, வெள்ளி

விடியப்புறம் பனி. முற்றத்துத் தென்னையே தெரியவில்லை.

ஒன்பது மணிபோல மக்டலீன் ஓடிவந்தாள். படலையைத் திறக்கவில்லை, உதைத்தாள்.

"ஏன் விசிலை நிப்பாட்டினனியள்?"

"என்ன விசில்?"

"துறையிலை விளக்கு எரியாததாலை உங்கடை விசிலைப் பிடிச்சுத்தானே பனிக்குள்ளை வாறவை! றேடியோவைத் திருப்பத் திருப்ப, அதின்ரை முனை உங்கடை வீட்டைப் பாக்கேக்கை சத்தம் அமரும். அந்தப் பக்கம் ஓட்டுவினம். இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை. அப்பா கல்லிலை ஏத்திப்போட்டார். வள்ளம் பிளந்து போச்சு. மூண்டு பேரும் நீந்திக் கரையேறினவை. அப்பாவின்ரை கால் முறிஞ்சு போச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஒருத்தரும் சொல்லேல்லையே! நண்டைக் கொண்டந்து தொங்கவிட்டால் எனக்கென்னெண்டு விளங்கும்? வாயில்லையோ?"

"ஊதுறவருக்கே தெரியாதெண்டு ஆருக்குத் தெரியும்? எங்களுக்கெண்டுதான் விடியவிடிய ஊதுறியள் எண்டு நினைச்சம்."

அவள் போய்விட்டாள். இடம் மாறுகிறேன் என்றாளே, அது றேடியோ முள்ளில். நான் ஒவ்வொரு நாளும் ஒரு மீடிறனில் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்கள் கடலில் நின்று என்னைத் தேடியிருக்கிறார்கள்.

திருத்தினது பிழையோ? பிழையை விட்டிருந்தால் அது சரியோ? எனக்கொண்டும் விளங்கேல்லை.

4.2.84, சனி

ஆஸ்பத்திரி. யாகப்பு அண்ணையின் காலில் மாக்கட்டு. திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன்.

"மெசின் பழுதாப் போச்சோ, தம்பி?"

பழுதைத் திருத்தினதால்தான் அண்ணை என்று சொல்ல வாயெடுத்தேன். "ஓம்" என்றேன்.

"பாவம். கஷ்டப்பட்டுச் செய்தனி. திருத்தேலாதோ?"

கால் முறிந்தவர் எனக்கு இரங்குகிறார்.

5.2.84, ஞாயிறு

மாஸ்டர் சொன்னதில் பிழையில்லை. லைசன்ஸ் ஒன்று. மற்றது — மக்டலீன் வீட்டார் ஒரு றேடியோவைத் திருப்பியே என் வாசல்வரை வந்தார்கள் என்றால், அதே மாதிரி றேடியோவோடு ஆமியும் வரலாம். அம்மாவும் இந்த வீட்டில்தான் படுக்கிறா.

போன கிழமை நான் ஒன்றும் தெரியாமல் ஊதினேன். இனி ஊதினால் தெரிந்துகொண்டுதான்.

பனி இன்னும் மூன்று கிழமைக்காவது இருக்கும். மற்ற வள்ளங்கள் நாளைக்கும் போகும்.



6.2.84, திங்கள்

சுருளைக் கழற்றினேன்.

12.2.84, ஞாயிறு

மாஸ்டர் வந்தார். பெட்டிப் பக்கம் போகாமல் கதிரையில் இருந்தார்.

"என்ன, பிடிச்சிட்டீரோ?"

"இல்லை மாஸ்டர். இன்னும் தேடுறன்."

"முந்தியைவிடப் பலமாக் கேக்குது. முள் ஒரு மயிரளவும் அசையேல்லை. அதுவும் காலமை நாலு மணிக்குத் துவங்கி, விடிஞ்சோடனை நிக்குது."

நான் பெட்டி மூடியின் திருகாணியை இறுக்கினேன்.

"விசித்திரமான பழுது, ஐசே."

"ஓம் மாஸ்டர்."

அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தா. குடித்தார். இணுவிலில் வெங்காயம் நல்ல விளைச்சல் என்று கதைத்தார். போகும்போது படலையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "கொழும்பிலையிருந்து லைசன்ஸ்காரர் ஆரும் கேட்டால், நானும் சேந்து பழுதைத் தேடுறன் எண்டு சொல்லும்" என்றார்.