மோவாயால் நடத்திய கச்சேரி

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து கோணிக்கொண்டு போவதைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். போனில் சொன்னால் எஸ்.டி.டி. பூத்திலேயே அழுதுவிடுவாய், அதனால்தான் கடிதம்.

"கையை ஆட்டிச் சம்பாதிக்கிறான் உன் தம்பி" என்று மாமா கேலி செய்வாரே, அந்தக் கைதான் கொஞ்ச நாளாகச் சொன்ன பேச்சு கேட்கவில்லை. டாக்டர் சொன்ன பெயர் நீளமானது. அதை விடு.

சனிக்கிழமை கச்சேரி. இசைக்குழு முழுக்க என் கையசைவைப் பார்த்து வாசித்துக்கொண்டிருக்கும்போது, வலது கை தொடையோடு ஒட்டிக்கொண்டது. தூக்கினேன், வரவில்லை. விழாமலிருக்க இடது கை மேடைக் கம்பியைப் பிடித்திருந்தது. சரி, ஜெர்மனிப் பிழைப்பு இன்றோடு முடிந்தது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது என் மோவாய் தானாக உயர்ந்தது, அக்கா! பாபநாசம் மாதா கோயிலில் ஆர்மோனியத்தின் துருத்தியில் ஒரு கையும் கட்டையில் ஒரு கையும் இருக்க, பாடுகிறவர்களை நீ மோவாயாலேயே நடத்துவாயே, அதே மாதிரி. ஏறினால் பாடு, இறங்கினால் நிறுத்து. வயலின்காரர்கள் ஒரு கணம் விழித்தார்கள். பிறகு கடைசிவரை என் முகத்தைப் பார்த்தே வாசித்தார்கள்.

கைதட்டல் அடங்கியதும் மேனேஜர் வந்தார். இனிமேல் எனக்கு நாற்காலி போட்டுத் தருகிறாராம், அடுத்த வருஷமும் குழுவை நடத்தப்போவது நான்தானாம். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். பாட்டை நடத்தச் சொல்லி என்னை முன்னால் நிறுத்திவிடாதே. நான் கடைசி வரிசையில் நின்று, உன் மோவாயைப் பார்த்துப் பாடுகிறேன்.

உன் தம்பி