டெல்பர்ட்டின் தேயாத பூ

அக்டோபர் 4, சனி

என் மனைவி ஜோலீனின் தம்பி டெல்பர்ட் வந்திருந்தான். பழைய கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்ததைச் சமையலறை மேசையில் பிரித்தான். ஜப்பானியத் துப்பாக்கி. பக்கத்து ஊரில் இறந்துபோன ஒருவர் வீட்டுச் சாமான் விற்பனையில், ஏணிக்கும் ரம்பத்துக்கும் நடுவே கிடந்ததாம்.

குழலின் அடியில் இரும்பில் வெட்டிய பூ. ஜப்பான் பேரரசரின் முத்திரைச் செவ்வந்தி, இதழ் ஒன்றுகூடத் தேயாமல்.

இரண்டாம் உலகப் போரில் சரணடைந்தபோது ஜப்பான்காரர்கள் அந்தப் பூவைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். என் அலமாரியில் இருக்கும் ஜப்பானியத் துப்பாக்கிகள் எல்லாம் அப்படி மொட்டையானவை. பூ இருந்தால் அது சண்டையிலேயே கைப்பற்றியது. அப்படி ஒன்றை வாலிபத்திலிருந்து தேடுகிறேன். இந்தப் பயல் போன வருஷம்தான் எங்கள் சேகரிப்போர் சங்கத்தில் சேர்ந்தான், அதுவும் நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்! குண்டு எந்தப் பக்கம் போடுவது என்றே தெரியாதவனுக்கு இது போய்க் கிடைக்கிறது.

வயிறு எரிகிறது. எழுதினால் அடங்கும் என்று பார்த்தேன், அடங்கவில்லை.

"மச்சான், நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி" என்றான்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அசல். சந்தேகமே இல்லை.

"புதுசா வெட்டின பூடா இது" என்றேன். "மொட்டைத் துப்பாக்கில பூ வெட்டி விக்கிறவனுங்க ஊரெல்லாம் இருக்கானுங்க."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. வாய் தவறிச் சொல்லிவிட்டேனா? இல்லை — தெரிந்துதான் சொன்னேன்.

அக்டோபர் 5

சர்ச்சில் அவனைப் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

அக்டோபர் 8

வழி தெரிந்துவிட்டது. என்னிடமுள்ள காரண்டு என்கிற அமெரிக்க ராணுவத் துப்பாக்கியைக் கொடுத்து அவனுடையதை மாற்றிக்கொள்வேன். "நீ மனசு ஒடிஞ்சு போயிருக்கியேன்னுதாண்டா" என்று சொன்னால் போதும், நம்பிவிடுவான். அவனுக்கும் நல்ல துப்பாக்கிதானே கிடைக்கிறது? இப்போதே போய் நின்றால் சந்தேகம் வரும். கொஞ்சம் ஆறட்டும்.

அலமாரியில் நடுத்தட்டைக் காலி செய்தேன். "என்ன, தனியா சிரிச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றாள் ஜோலீன்.

அக்டோபர் 13

இன்னும் போகவில்லை. சங்கக் கூட்டம் முடியட்டும்.

அக்டோபர் 18, சனி

கூட்டத்துக்கு டெல்பர்ட் அந்தத் துப்பாக்கியோடு வந்தான். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றான்.

"மச்சான் மட்டும் சொல்லலைன்னா, பொய்ப் பூவ வச்சுக்கிட்டு நான் பெருமையடிச்சிருப்பேன். நாளைக்கு நான் செத்துட்டா, இத அசல்னு எவன் தலையிலயாவது கட்டிடுவாங்கல்ல? அதான் அரத்தப் போட்டு ராவிட்டேன்."

டேய்... டேய் பாவி, என்னடா பண்ணித் தொலைச்சே! கத்தியிருக்க வேண்டும். பூ இருந்த இடத்தில் இரும்பு வெள்ளையாகப் பளபளத்தது. சங்கத் தலைவர் ஹார்லன் என் முதுகில் தட்டினார். "மச்சானும் மச்சானும் ஒரே அச்சுய்யா! நேர்மைன்னா இதுதான்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். டெல்பர்ட் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சரியாப் பண்ணியிருக்கேனா மச்சான்?"

விரலால் தடவிப் பார்த்தேன்.

"சுத்தமா ராவியிருக்கே" என்றேன்.