அரைமணி முன்னால் ஓர் அழைப்பு

நாள் 412, 16:20

பதிவு: அமலோற்பவம், வீட்டுச் செவிலியர். செவ்வாய்க் கோள், மூன்றாம் குடியிருப்பு, கீழ்ச்சுரங்க வரிசை.

பார்த்த வீடுகள் பதினேழு. எல்லாருக்கும் ஒரே நோய், நுரையீரலில் சுரங்கத் தூசி. ஆக்சிஜன் சிலிண்டர் ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம்.

குடியிருப்புகளை நடத்தும் நடுவத்திலிருந்து புது விதி. நோயாளிகளின் பலனை வைத்துத்தான் இனி எங்கள் வேலை திருத்தப்படும். வாரம் ஒருமுறை விரலில் கிளிப் மாட்டிப் பொத்தானை அழுத்தினால், இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு தானாகவே பலன் பதிவேட்டில் ஏறிவிடும். எண் உயர்ந்தால் எங்கள் முறையை மற்ற குடியிருப்புகளும் பின்பற்றும். இறங்கினால் செவிலியரை எடுத்துவிட்டு வீட்டுக்கொரு கேமரா வைப்பார்கள். முதல் பாதி நல்ல யோசனைதான்.

மாசானமுத்து அண்ணாச்சியிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். முப்பது வருடம் துளைக்கருவி ஓட்டியவர். அளவு 84. அவர் சிரிக்கவில்லை.

நாள் 419, 15:50

எல்லா வீட்டிலும் எண் ஏறியிருக்கிறது. மாசானமுத்து 93. நான் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சி வேலை செய்கிறது போல.

ஊரில் யார் வீட்டு வாசலிலும் திடுதிப்பென்று போய் நிற்க மாட்டோம். அந்தப் பழக்கம் இங்கும் விடவில்லை. அரைமணி முன்னாலேயே அழைத்து, கிளம்பிவிட்டேன் என்று சொல்லிவிடுவேன். சட்டை மாற்ற, பாயைச் சுருட்ட அவர்களுக்கு நேரம் வேண்டுமே. போனதும் வாசலிலேயே கிளிப்பை மாட்டிவிடுகிறேன். இருபது நிமிடம் உட்காரவைத்த பிறகு அளக்க வேண்டும் என்பது விதி. விதி எழுதியவருக்குப் பதினேழு வீடு இல்லை.

நாள் 426, 14:15

வந்த செய்தி: "நடுவம். கீழ்ச்சுரங்க வரிசை சராசரி 95. பாராட்டுகள். உங்கள் முறையை எழுதி அனுப்பவும்."

அனுப்பினேன். மூச்சுப் பயிற்சி, வெந்நீர், அரைமணி முன்னால் அழைப்பு. பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

நாள் 429, 11:05

மாசானமுத்து காலை ஏழு மணிக்கு இறந்துபோனார். மூன்று நாள் முன்பு அவர் அளவு 97.

பதிவேடு காரணத்தைத் தானே எழுதிக்கொண்டது: "பராமரிப்போடு தொடர்பில்லாத மரணம்."

நாள் 431, 10:40

அவர் மனைவி பேச்சித்தாய் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அழவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க போயிட்டா அந்தக் கேமராகிட்ட என்னத்தச் சொல்லதுன்னு எல்லாரும் கூடிப் பேசுனாவ, சிஸ்டர். ஒங்க போன் வந்ததும் டியூப மாட்டி முழுசாத் தொறந்து விட்டுருவாவ. ஒங்க காலடிச் சத்தம் கேட்டா கழத்திருவாவ. முழுசாத் தொறந்தா சீக்கிரம் தீந்துரும்லா, அதுக்காவ மத்த நாளு தொடாம மிச்சம் பிடிச்சாவ. எங்க வீட்டுல இவிய ரொம்ப மிச்சம் பிடிச்சிட்டாவ."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

நாள் 432, 13:30

அழைக்காமல் போனேன். பதினாறு வீடு. நான்கு பேர் 88. மற்ற பன்னிரண்டு பேரும் 76க்கும் 82க்கும் நடுவில். சூசைமரியான் வீட்டில் இந்த வாரச் சிலிண்டரின் முத்திரையே உடையவில்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

நடந்ததை எல்லாம் நடுவத்துக்கு எழுதினேன். பதில்: "ஒரே வாரத்தில் இத்தனை பேருக்கு இவ்வளவு வீழ்ச்சி நம்பத்தக்கதல்ல. கருவிப் பழுது. அளவுகள் நீக்கப்பட்டன. முந்தைய பலன் சிறப்பாக இருப்பதால் நாள் 440 முதல் சிலிண்டர் ஆளுக்கு இருபது நிமிடம். சராசரி 86க்குக் கீழே இறங்கினால் பழைய இரண்டு மணி நேரம் திரும்பும்."

மூன்று தடவை திரும்ப எழுதினேன். மூன்று தடவையும் அதே பதில், எழுத்து மாறாமல்.

நாள் 440, 17:10

பதிவேட்டின் விதிகளை முழுவதும் படித்தேன். வாரத்துக்கு இரண்டு புள்ளி வரை இறங்கினால் நம்புகிறது. அதற்கு மேல் போனால் பழுது என்கிறது. 95இலிருந்து 86க்குக் கீழே போக ஐந்து வாரம்.

கிளிப் காட்டும் எண்ணை என்னால் மாற்ற முடியாது. எப்போது பொத்தானை அழுத்துவது என்பது மட்டும் என் கையில். எனவே முதலில் ஆக்சிஜன் கொடுக்கிறேன். பிறகு டியூபைக் கழற்றிவிட்டு, எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 93க்கு வந்ததும் கிளிப்பின் பொத்தானை அழுத்துகிறேன். உண்மையைத் தவணையில் சொல்கிறேன்.

ஐந்து வாரம் யார் தாங்குவார்கள் என்று பெயர் எழுதிப் பார்த்தேன். பிறகு கிழித்துவிட்டேன். அழுகை வரவில்லை. எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

நாள் 454, 16:00

அளவு 89. திட்டப்படிதான் இறங்குகிறது.

சூசைமரியான் இல்லை. இன்னும் மூன்று பேர் இல்லை. 88காரர்கள் நால்வரும் திடமாக இருக்கிறார்கள்.

நாள் 468, 16:45

ஐந்தாம் வாரம். நால்வர் 88. அதற்குக் கீழே அவர்கள் எண் இறங்குவதில்லை. நோய் முற்றியவர்களை 85இல் அளந்தேன். அவர்களில் ஐந்து பேர்தான் மிச்சம்.

சராசரி 86.3.

இறந்தவர்களைப் பதிவேடு கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. ஏழு பேர். அந்த ஏழு பேரும் உயிரோடு இருந்து 85 காட்டியிருந்தால் 85.75 வந்திருக்கும். சிலிண்டர் திரும்பியிருக்கும். நான்கு முறை கூட்டிப் பார்த்தேன்.

நாள் 475, 16:30

83இல் அளந்தேன். இரண்டு பேர். நால்வர் 88.

சராசரி 86.3. அதே எண்.

நாள் 476, 09:00

வந்த செய்தி: "நடுவம். நிலை சீராக உள்ளது. உங்கள் முறை எல்லாக் குடியிருப்புகளுக்கும் விரிவாக்கப்படுகிறது. மதிப்பீட்டாளர் நேரில் வந்து உங்கள் நோயாளிகளைக் காண்பார். உங்கள் முறைப்படியே, அரைமணி முன்னால் அழைப்பார்."

09:20. ஆறு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். டியூபைத் தொடக் கூடாது, மூச்சு வாங்கினால் வாங்கட்டும், அவர் பார்க்கட்டும் என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு ஒருவர் கேட்டார், அப்படிச் செய்தால் சிஸ்டரை எடுத்துவிட மாட்டார்களா என்று.

09:40. ஆறு வீட்டிலும் சிலிண்டரைத் துடைத்து டியூபைப் பொருத்தி வைக்கிறார்கள். வரிசையில் நடந்து வருகிறேன், சுவர் வழியாகக் கேட்கிறது.

09:50. வருகிறவருக்கு. இதைப் படித்தால்

சொல்லாமல் வாருங்கள்